16 வயதில் இரண்டாம் முறை இடுப்பு மூட்டு ஆர்த்ரோஸ்கோபி: செய்தால் நிற்குமா?

ராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் ஊரிலிருந்து ஒரு தாய்மாமன் கேட்டிருக்கிறார். அக்கா மகளுக்கு 16 வயது, பள்ளிக் கபடி அணியில் ரைடர். 14 மாதம் முன்பு வலது தொடைச்சந்து வலிக்காக வெளியூர் மருத்துவமனையில் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்யும் ஆர்த்ரோஸ்கோபி செய்தார்கள். ஐந்தாறு மாதம் நன்றாக இருந்தாள், பிறகு பழைய வலியே திரும்பிவிட்டது. புது எம்.ஆர்.ஐ. பார்த்துவிட்டு, “லேப்ரம் (மூட்டுக் கிண்ணத்தின் விளிம்பு வளையம்) மறுபடி கிழிந்திருக்கிறது, இன்னொரு முறை உள்ளே போக வேண்டும்” என்கிறாராம் மருத்துவர். “ரெண்டாவது தடவை செஞ்சா சரியாயிடுமா, எத்தனை சதவீதம்னு சொல்லுங்க” என்பது கேள்வி. அதற்குள்ளே இன்னொரு கேள்வி ஒளிந்திருக்கிறது: முதல் தடவை செய்தது ஏன் நிற்கவில்லை, அந்தக் காரணம் இரண்டாம் தடவையில் தீரக்கூடியதுதானா? இதற்கு விடை தெரியாமல் சதவீதம் சொல்வது காற்று எந்தப் பக்கம் என்று பாராமல் வள்ளத்தை இறக்குவது மாதிரி.

முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காரணம் தெளிவாகத் தெரிந்து, அது கருவியால் சரிசெய்யக்கூடியதாகவும் இருந்தால், மறுசிகிச்சை செய்துகொண்ட இளவயதினரில் பெரும்பாலானோருக்கு வலி குறைகிறது, அன்றாட நடமாட்டம் மேம்படுகிறது. ஆனால் முதல் முறை செய்தவர்கள் எட்டும் உயரத்தை இவர்கள் சராசரியாக எட்டுவதில்லை. காரணம் தெரியாமல் ‘ஒருமுறை உள்ளே பார்த்துவிடலாம்’ என்று செய்தால், வலியோடு இன்னொரு தழும்பும் சேரும். இந்த மூன்றும் உறுதியாகச் சொல்லக்கூடியவை. மற்றவற்றை அதனதன் இடத்தில் பிரித்துச் சொல்கிறேன்.

ஒரு சொல் குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிடலாம். நம் பக்கம் “இடுப்பு வலி” என்றால் பாதிப்பேர் முதுகின் அடிப்பகுதியைத்தான் சொல்கிறார்கள், மருத்துவமனைச் சீட்டிலும் அப்படியே ஏறிவிடும். இங்கே பேசுவது தொடை எலும்பின் பந்து, கூபகத்தின் (இடுப்பெலும்பின்) கிண்ணத்தில் பொருந்தும் மூட்டு. அதன் வலி பெரும்பாலும் முன்பக்கம், தொடைச்சந்தில் வரும். சில பிள்ளைகளுக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். “எங்கேம்மா வலிக்குது?” என்று கேட்டால், கட்டைவிரல் பின்பக்கமும் மற்ற விரல்கள் சந்துப் பக்கமுமாகக் கையைப் பிறைபோல் வளைத்து இடுப்பின் பக்கவாட்டைப் பிடித்துக் காட்டுவாள். ஒற்றை விரலால் பின்புறத்தையோ பக்க எலும்பின் மேட்டையோ தொட்டுக் காட்டினால், முதுகெலும்பையும் தசைநாண்களையும் முதலில் பார்க்க வேண்டும்.

கிண்ணத்தின் விளிம்பைச் சுற்றி ரப்பர் வாஷர் மாதிரி ஓடும் குருத்தெலும்பு வளையம்தான் லேப்ரம். மூட்டு நீரை உள்ளே அடைத்து வைத்துப் பந்தை உறிஞ்சிப் பிடிப்பது அதன் வேலை. அது தானாகக் கிழிவது அபூர்வம். பந்தின் கழுத்தில் எலும்பு மேடு தட்டியிருந்தால், காலை மடக்கும்போதெல்லாம் அந்த மேடு விளிம்பில் இடித்து லேப்ரத்தை நசுக்கும். இதைத்தான் இடிப்பு நோய் என்கிறார்கள். சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரத்து ரைன்ஹோல்ட் கான்ஸ் குழுவினர் 2003-ல் இதை விளக்கிய பிறகே உலகம் முழுக்க இந்த அறுவை சிகிச்சை பெருகியது. கிழிந்த வாஷரைத் தைத்துவிட்டு, அதைக் கிழித்த மேட்டை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

மறுசிகிச்சைக்கு வருவோரிடம் அதிகம் காணப்படும் காரணமும் அதுதான். 2007-ல் இரண்டு அமெரிக்கக் குழுக்கள் இதைத் தனித்தனியாக எழுதின. பிலிப்பான் குழு பார்த்த 37 மறுசிகிச்சைகளில் 36-லும், ஹேவொர்த் குழு பார்த்த 24-ல் 19-லும் இடிக்கும் எலும்பு முதல் தடவை தொடப்படாமலோ அரைகுறையாகவோ விடப்பட்டிருந்தது. இவர்களில் பெரும்பாலோர் பெரியவர்கள். கேமரா நுட்பம் புதிதாக இருந்த காலமும்கூட, ஆகவே அந்த விகிதத்தை அப்படியே இன்றைக்கு எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் முதலில் தேட வேண்டியது எது என்பது மாறவில்லை. நேராக எடுக்கும் இடுப்பு எக்ஸ்ரேயில் மேடு ஒளிந்துகொள்ளும். காலை 45 டிகிரி மடக்கி, 20 டிகிரி அகற்றி எடுக்கும் டன் கோண எக்ஸ்ரேயில்தான் முன்மேல் பகுதி தெரியும். அதில் அளக்கும் ஆல்ஃபா கோணம் 55 முதல் 60 டிகிரிக்கு மேல் இருந்தால் மேடு இருப்பதாகக் கொள்கிறார்கள். அறுவைக்கு முன் எடுத்த படத்தையும் பின் எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தக் கோணத்தை அளந்து காட்டச் சொல்லுங்கள். பின் எடுத்த படமே இல்லையென்றால் முதல் வேலை அதை எடுப்பதுதான்.

வளரும் வயதுக்கே உரிய ஒரு சந்தேகம் உண்டு: செதுக்கிய மேடு மறுபடி வளர்ந்திருக்குமோ? இந்த மேடு உருவாவதே, எலும்பு வளரும் இடமான வளர்ச்சித்தட்டு திறந்திருக்கும் வயதில்தான், அதிலும் அப்போது கடுமையாக விளையாடும் பிள்ளைகளிடம் அதிகம். அதனால் தட்டு நன்றாகத் திறந்திருக்கும்போது செதுக்கினால் திரும்ப வளர வாய்ப்புண்டு என்ற கவலை நியாயமானது. ஆனால் உங்கள் பிள்ளைக்கு முதல் அறுவை நடந்தது 15 வயதை ஒட்டி. பெண் பிள்ளைகளுக்கு அந்த வயதில் தொடை எலும்பின் மேல் தட்டு பெரும்பாலும் மூடியிருக்கும் அல்லது மூடும் தறுவாயில் இருக்கும். ஆகவே இப்போது மேடு தெரிந்தால், வளர்ந்தது என்பதைவிட எடுக்காமல் விட்டது என்றே நான் முதலில் நினைப்பேன். பழைய எக்ஸ்ரே அதை முடிவு செய்துவிடும்.

எலும்பு மேட்டைவிட எனக்குக் கவலை தருவது, பெண் பிள்ளைகளிடம் அடிக்கடி தவறவிடப்படும் நேர்மாறான கோளாறு: கிண்ணம் ஆழமில்லாமல் இருப்பது. பந்தின் நடுவிலிருந்து கிண்ண விளிம்புக்கு அளக்கும் கோணம் 25-லிருந்து 40 டிகிரி வரை இருப்பது இயல்பு. 20-க்குக் கீழே போனால் கிண்ணம் மேலோட்டம், இடைப்பட்டது எல்லைக்கோடு. மேலோட்டக் கிண்ணத்தில் லேப்ரம் கிழிவது இடிபட்டு அல்ல. பந்து நழுவப் பார்ப்பதால் ஏற்படும் இழுவையைத் தாங்கித் தாங்கியே அது கிழிகிறது. அங்கே மறுபடி மறுபடி லேப்ரத்தைத் தைப்பது அறுந்த வலையை அதே பாறையில் மறுபடி வீசுவதற்குச் சமம். அதற்கான வைத்தியம் கிண்ணத்தையே வெட்டித் திருப்பி வைக்கும் பெரிய அறுவை சிகிச்சை. இதையும் பெர்ன் குழுதான் உருவாக்கி 1988-ல் வெளியிட்டது. இந்தக் கோணத்தை அளக்கும் படம் நேராக எடுக்கப்பட்டிருக்க வேண்டும். வால் எலும்பின் நுனி, முன்பக்கப் பூப்பெலும்பு இணைப்புக்கு நேர் மேலே சில சென்டிமீட்டரில் விழ வேண்டும். பக்கவாட்டில் விலகியிருந்தால் பிள்ளை திரும்பிப் படுத்திருந்தாள் என்று பொருள், அந்த அளவை நம்ப முடியாது.

இதோடு சேர்ந்தது தொடை எலும்பின் முறுக்கம். எலும்பின் கழுத்து வளர்ந்தவர்களுக்குச் சுமார் 15 டிகிரி முன்னோக்கித் திரும்பியிருக்கும். அது 30-ஐத் தொட்டாலும் கோளாறு, சுழியத்துக்கு அருகில் வந்தாலும் கோளாறு. வீட்டிலேயே ஒரு குறிப்பு கிடைக்கும். பிள்ளையைக் குப்புறப் படுக்க வைத்து, முழங்காலை 90 டிகிரி மடக்கி, பாதங்கள் வெளிப்பக்கமாகச் சாய விடுங்கள். 70 டிகிரிக்கு மேல் தாராளமாகச் சாய்ந்தால் முறுக்கம் அதிகமிருக்கலாம். சின்ன வயதில் கால்களை இருபுறமும் பின்னால் மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தாளா என்று அக்காவிடம் கேளுங்கள். சரியான அளவு, இடுப்பையும் முழங்காலையும் சேர்த்து எடுக்கும் சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ.யில்தான் கிடைக்கும். இந்த வயதில் கதிர்வீச்சைக் குறைக்க எம்.ஆர்.ஐ. வசதி இருந்தால் அதுவே நல்லது. இடுப்புக்கு மட்டும் எடுத்த படத்தில் முறுக்கத்தை அளக்க முடியாது. ஸ்கேன் எழுதும்போதே சொல்லாவிட்டால் இரண்டு முறை அலைய வேண்டிவரும்.

மூன்றாவது, மூட்டைச் சுற்றிய உறை, அதாவது கேப்சூல். உள்ளே போவதற்கு இரு துளைகளுக்கு நடுவே அதை 2 முதல் 4 சென்டிமீட்டர் வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் தைத்து மூடினார்களா என்பது முக்கியம். மூடாமல் விட்டு அது தானாகவும் கூடாவிட்டால், காலைப் பின்னால் நீட்டி வெளிப்பக்கம் திருப்பும்போது ‘நழுவப்போகிறது’ என்ற பயம் வரும். மூட்டுக்குள் சாய ஊசி போட்டு எடுக்கும் எம்.ஆர்.ஐ.யில் சாயம் வெளியே கசிவது தெரியும். உடம்பே தளர்வான பிள்ளைகளுக்கு இது இன்னும் மோசம். தளர்வை அளக்க ஒன்பது மதிப்பெண் உள்ள பைட்டன் சோதனை இருக்கிறது. சுண்டுவிரல் 90 டிகிரிக்கு மேல் பின்னால் வளைவதும், கட்டைவிரல் முன்கையைத் தொடுவதும், முழங்கையும் முழங்காலும் 10 டிகிரிக்கு மேல் எதிர்ப்பக்கம் வளைவதும் பக்கத்துக்கு ஒன்று. முழங்காலை மடக்காமல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் பதிப்பது ஒன்று. ஆறு ஏழு வந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். நான்காவது, இதற்கு நேர்மாறான ஒட்டுதல்: லேப்ரமும் உறையும் தழும்பால் ஒட்டிக்கொண்டு, மடக்கும்போது கிள்ளுகிற மாதிரி வலிக்கும். முதல் அறுவைக்குப் பின் ஆரம்ப வாரங்களில் காலைச் சுழற்றும் பயிற்சி செய்யாதவர்களிடம் இதை எதிர்பார்க்கலாம்.

கடைசிக் காரணம் யாருக்கும் பிடிக்காதது: அளவுக்கு மீறி எடுத்துவிடுவது. மேட்டுக்குப் பதில் பள்ளமே விழுந்திருந்தால் லேப்ரம் பந்தோடு ஒட்டி அடைக்காது. கிண்ண விளிம்பை அதிகம் செதுக்கியிருந்தால் இல்லாத மேலோட்டத்தை நாமே உண்டாக்கியதாகிவிடும். விட்டுப்போன எலும்பைப் பிறகு எடுக்கலாம், எடுத்த எலும்பைத் திரும்ப வைப்பது பெரும்பாடு. மறுசிகிச்சையில் விளைவு மோசமாக இருப்பது இந்தக் கூட்டத்துக்குத்தான்.

இவை எதிலும் அடங்காமல், முதல் நோயறிதலே தவறாக இருந்திருக்கலாம். சாயங்காலக் காய்ச்சல், எடை இறக்கம், இரவில் வலியால் விழித்து அழுவது இருந்தால் நம் ஊரில் மூட்டுக் காசநோயை விலக்கிவிட்டுத்தான் மேலே யோசிக்க வேண்டும். ஸ்டீராய்டு கலந்த ஊசி போடுவதற்கு முன் இது இன்னும் முக்கியம். காலையில் அரை மணிக்கு மேல் விறைப்பு, நடக்க நடக்கச் சரியாவது என்றால் வாத வகை மூட்டழற்சி. இரவில் மட்டும் குடைந்து, ஒரு வலி மாத்திரையில் மாயமாய் மறைந்தால் ஆஸ்டியாய்டு ஆஸ்டியோமா என்ற சிறிய எலும்புக் கட்டி. அதற்கு சி.டி.யில் குறிவைத்துத் தேட வேண்டும். இது பற்றி இவ்வளவு போதும். ஆனால் இரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. பார்க்காமல் இரண்டாம் அறுவைக்குத் தேதி குறிக்க வேண்டாம்.

இப்போது அந்த எம்.ஆர்.ஐ. அறிக்கைக்கு வருவோம். தைத்த லேப்ரம் படத்தில் ஒருபோதும் புதிது போல் தெரியாது. தையல், தையலை எலும்பில் பிடித்துவைக்கும் சிறு நங்கூரம், தழும்பு எல்லாமே கிழிசல் மாதிரி காட்டும். அறுவையே செய்யாதவர்களிடமும் கதை இதுதான். 2012-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் இடுப்பு வலியே இல்லாத 45 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது 69 சதவீதம் பேருக்கு லேப்ரம் கிழிசல் தெரிந்தது. அதனால் ‘கிழிந்திருக்கிறது’ என்ற ஒரு வரியை மட்டும் நம்பி மேசையில் ஏறக் கூடாது. வலி மூட்டுக்குள்ளிருந்துதான் வருகிறதா என்று அறிய மரத்துப்போகும் மருந்தை அல்ட்ராசவுண்டு பார்த்து மூட்டுக்குள் செலுத்தும் சோதனை உண்டு. இதை வீணடிக்காமல் செய்ய ஒரு முறை இருக்கிறது. ஊசிக்கு முன் அரைக்குந்தல் பத்து, படிக்கட்டு ஒரு மாடி, ஒற்றைக்கால் நிற்பது என்று அவளுக்கு வலிக்கும் மூன்று காரியங்களைச் செய்ய வைத்துப் பத்துக்கு எத்தனை என்று எழுதுங்கள். ஊசி போட்டு அரை மணி கழித்து அதையே திரும்பச் செய்ய வையுங்கள். பாதிக்கு மேல் குறைந்தால் வலியின் ஊற்று மூட்டுக்குள்தான். கொஞ்சமும் குறையாவிட்டால், உள்ளே போய் என்ன சரிசெய்தாலும் அவளுக்குத் தெரியப்போவதில்லை. பலர் ஊசி போட்டதும் பஸ் ஏறிவிட்டு, மறுநாள் மருத்துவரிடம் “இப்ப வலிக்குது டாக்டர்” என்கிறார்கள். மருந்து வேலை செய்வது முதல் சில மணி நேரம்தான்.

சதவீதம் கேட்டீர்கள். பதின்பருவத்தினரை மட்டும் எடுத்து மறுசிகிச்சையைப் பார்த்த ஆய்வுகள் மிகக் குறைவு, ஒவ்வொன்றிலும் ஆட்களும் குறைவு. எல்லாம் கைதேர்ந்த சில மையங்கள் தம் பதிவேட்டைத் திரும்பிப் பார்த்து எழுதியவை. மறுசிகிச்சை செய்த ஒரு குழு, பயிற்சி மட்டும் செய்த ஒரு குழு என்று குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்த ஆய்வு இந்த வயதில் இல்லை. ஆகவே ‘80 சதவீதம் வெற்றி’ என்று யாராவது சொன்னால், எதை வெற்றி என்று எண்ணினார்கள் என்று கேளுங்கள். இடுப்பு மூட்டின் நிலையைக் கேள்விகள் கேட்டு அளக்கப் பெரும்பாலும் பயன்படும் திருத்திய ஹாரிஸ் மதிப்பெண்ணில் வலிக்கு 44, செயலுக்கு 47, மொத்தம் 91. அதை 1.1-ஆல் பெருக்கி நூறாக்குகிறார்கள். 74-ஐத் தாண்டினால் ‘ஏற்கத்தக்க நிலை’ என்று பல ஆய்வுகளில் கொள்வார்கள். கேள்விகள் நடப்பது, படியேறுவது, செருப்பு மாட்டுவது பற்றியவை. 85 வாங்கிய பிள்ளையால் கபடிக் கோட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி ஓட முடியாமலும் இருக்கலாம். விளையாட்டுக்கென்று தனி மதிப்பெண் உண்டு. அதில் ஏற்றம் எப்போதும் குறைவாகவே வரும்.

இன்னொரு அளவுகோலும் மனதில் இருக்கட்டும். 2018-ல் லான்செட் இதழில் வந்த பிரிட்டன் ஆய்வில் இடிப்பு நோயுள்ள 348 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்கு ஆர்த்ரோஸ்கோபியும் மறு பாதிக்கு முறையான பிசியோதெரபியும் கொடுத்தார்கள். ஓராண்டில் இடுப்பு சார்ந்த வாழ்க்கைத்தர மதிப்பெண்ணில் நூற்றுக்கு 6.8 புள்ளி அறுவையின் பக்கம் கூடுதல். உண்மையான வித்தியாசம்தான், ஆனால் மலைக்கும் மடுவுக்குமானது அல்ல. அதுவும் முதல் முறை செய்தவர்களிடம். இரண்டாம் முறை இதைவிட அதிகம் கிடைக்கும் என்று நினைக்க ஆதாரமில்லை. எனவே உங்கள் பிள்ளை முதல் அறுவைக்குப் பிறகு ஒழுங்காகப் பயிற்சி செய்தாளா என்பது சின்னக் கேள்வி இல்லை. தையல் பிரித்ததோடு நிறுத்தியிருந்தால், வேறு எலும்புக் கோளாறு இல்லாத பட்சத்தில், மூன்று மாதம் முறையாகப் பயிற்சி செய்துவிட்டு முடிவெடுக்கலாம். இந்தக் காத்திருப்பால் பெரும்பாலும் நஷ்டமில்லை. பூட்டிக்கொள்வது, நழுவுவது, தெளிவான மேடு மிச்சமிருப்பது ஆகியவை விதிவிலக்கு.

யாருக்கு நன்றாக வரும் என்றால், மேடு மிச்சமிருந்து, குருத்தெலும்பு கெடாமல், ஊசிச் சோதனையில் வலி அடங்கிய பிள்ளைக்கு. ஒட்டுதல் மட்டும் என்றாலும் ஓரளவு நம்பலாம். மூட்டு இடைவெளி 2 மில்லிமீட்டருக்குக் கீழே போனவர்களுக்கும், மேலோட்டக் கிண்ணத்தைத் திருத்தாமல் லேப்ரத்தை மட்டும் தொடுவோருக்கும், மூன்றாவது நான்காவது முறை போவோருக்கும் நம்பிக்கை குறைவு. நீண்ட வலியும் உறக்கமின்மையும் சேர்ந்து நரம்புகளையே கூர்மையாக்கிவிடும். தொட்டாலே வலிக்கும் நிலைக்குப் போன பிள்ளையிடம் ‘நடிக்கிறாள்’ என்று சொல்லாதீர்கள். அந்த வலி நிஜம், ஆனால் அதற்குக் கத்தியில் மருந்தில்லை.

மறுசிகிச்சை என்று முடிவானால் உள்ளே நடப்பது முதல் தடவையைவிடச் சிக்கலானது. தழும்பை விலக்கி, மிச்ச மேட்டைச் செதுக்கி, லேப்ரம் தைக்கும் நிலையில் இருந்தால் தைத்து, இல்லையென்றால் தொடையின் பக்கவாட்டுச் சவ்விலிருந்தோ வேறு தசைநாணிலிருந்தோ எடுத்துப் புது வளையம் வைத்து, கடைசியில் உறையை மூடுவார்கள். கிழிந்ததை வெட்டி எறிவதைவிட, முடிந்தவரை தைப்பதே இந்த வயதில் நல்லது. ஆபத்துகளில் அதிகம் வருவது மரத்துப்போதல். காலை இழுத்துப் பிடிப்பதால் கவட்டுப் பகுதியிலும், துளையால் தொடையின் முன்பக்கத் தோலிலும் வரும், பெரும்பாலும் வாரங்களில் மீளும். இழுவை நேரத்தை இரண்டு மணி நேரத்துக்குள் வைக்கப் பார்ப்பார்கள். தொடை எலும்பின் கழுத்தில் 30 சதவீதத்துக்கு மேல் செதுக்கினால் முறியும் அபாயம் உண்டு என்பதால், ஏற்கெனவே எவ்வளவு எடுத்தார்கள் என்பது இங்கே உயிர்நாடி. கழுத்தின் மேல்பின் பக்கத்தில் பந்துக்குப் போகும் இரத்தக் குழாய்கள் ஓடுகின்றன. அவை சேதமானால் பந்து செத்துப்போகும். இது அபூர்வம், ஆனால் திருத்த முடியாதது.

ஆகவே காகிதங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் பெரும்பாலும் ஒரே வரிதான் இருக்கும். மருத்துவமனையின் பதிவறையில் எழுதிக் கொடுத்து முழு ஆபரேஷன் நோட்டை வாங்குங்கள். லேப்ரத்தைத் தைத்தார்களா வெட்டினார்களா, எத்தனை நங்கூரம், மேட்டை எந்தப் பகுதியில் எவ்வளவு ஆழம் எடுத்தார்கள், உறையை மூடினார்களா, குருத்தெலும்பு எந்த நிலை என்பவை அதில் இருக்க வேண்டும். நங்கூரத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய தாளும், கேமராப் பதிவும் கிடைத்தால் பொன். எம்.ஆர்.ஐ.க்கு ஃபிலிம் போதாது, படங்கள் பதிந்த கணினித் தட்டு வேண்டும். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்றுக்கு ஃபிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆகவே தட்டில் உள்ளதைப் பென்டிரைவில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். இரண்டாம் கருத்து கேட்கும்போது முதல் மருத்துவரைக் குறை சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். அவருடைய நோட்தான் அடுத்தவருக்கு வரைபடம். இரண்டாம் கருத்து சொல்பவர் வருடத்துக்கு இடுப்பு ஆர்த்ரோஸ்கோபி எத்தனை செய்கிறார், கிண்ணம் திருப்பும் அறுவையும் அவருடைய குழுவில் செய்கிறார்களா என்று கேட்பதில் தவறில்லை. ஒரு கருவி மட்டும் உள்ளவருக்கு எல்லா இடுப்பும் அந்தக் கருவிக்கு ஏற்றதாகவே தெரியும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் செய்வதாக இருந்தால், மறுசிகிச்சைக்கு முன் அனுமதி எந்தப் பெயரில் கேட்கிறார்கள் என்பதை அந்த மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

காலம் குறிப்பதில் நம் கரைக்கு ஒரு வசதி உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். பள்ளித் தேர்வும் முடிந்திருக்கும், அப்பா கடலுக்குப் போகிறவர் என்றால் வீட்டில் இருப்பார். ஊன்றுகோல் வாரங்கள் சரியாக அதற்குள் அடங்கும். வருமானம் இல்லாத காலமும் அதுதான் என்பதை மறந்து சொல்லவில்லை. பிசியோவுக்கும் வண்டிக்கும் ஆகும் செலவை முன்கூட்டியே ஒதுக்கி வைக்க முடிந்தால் மட்டும் இந்த யோசனை.

வீட்டில் கெடுவது பெரும்பாலும் மூன்று இடத்தில். முதலாவது கழிப்பறை. குந்தி உட்கார்ந்தால் மூட்டு 90 டிகிரியைத் தாண்டி மடங்கும், தைத்த லேப்ரம் நசுங்கும். அறுவைக்கு முன்பே வெஸ்டர்ன் கோப்பையோ, இருக்கையில் துளையுள்ள நாற்காலியோ தயாராக இருக்க வேண்டும். சம்மணம், தரையில் உட்கார்ந்து மீன் பிரிப்பது, தாழ்ந்த கயிற்றுக் கட்டில் எல்லாம் மருத்துவர் சொல்லும்வரை கிடையாது. இரண்டாவது மணல். தைத்த பிறகு 2 முதல் 4 வாரம், புது வளையம் வைத்தாலோ குருத்தெலும்பில் வேலை செய்தாலோ 6 வாரத்துக்கு மேலும், பாதத்தை முழுக்கத் தரையில் பதித்து 10 கிலோ அளவுக்கு மட்டுமே பாரம் போடச் சொல்வார்கள். 10 கிலோ என்பது எப்படி இருக்கும் என்று எடைக் கருவியில் அந்தப் பாதத்தை வைத்துப் பழக்குங்கள். மணலில் ஊன்றுகோல் புதையும், புதையும் நொடியில் முழு எடையும் அந்தக் காலுக்குப் போகும். வாசலிலிருந்து தார் ரோடு வரை பலகையோ சிமெண்டுக் கல்லோ போட்டுவிடுங்கள். ஊன்றுகோலின் அடி ரப்பரில் வரி தேய்ந்ததும் மாற்றுங்கள், உப்பிலும் மணலிலும் அது சீக்கிரம் வழுக்கையாகிவிடும்.

மூன்றாவது, பயிற்சி. மூட்டைச் சுழற்றுவதை முதல் நாட்களிலேயே வீட்டார் செய்ய வேண்டும். அவள் மல்லாந்து தளர்வாகப் படுத்திருக்க, ஒரு கை முழங்காலுக்கு அடியிலும் மறு கை குதிகாலுக்கு அடியிலுமாகக் காலை முழுக்க நீங்களே தாங்கி, தொடையால் காற்றில் தட்டளவு வட்டம் போடுங்கள். ஐந்து நிமிடம் ஒரு பக்கம், ஐந்து நிமிடம் எதிர்ப்பக்கம், காலையும் மாலையும். அவள் தானாகத் தூக்கினால் பயன் கெட்டது, தசை இறுகும். நேராக நீட்டிய காலைத் தானே தூக்கும் பயிற்சியை ஆரம்பத்தில் செய்யவே கூடாது. சந்தின் முன்தசை வீங்கி, அறுவை தோற்றுவிட்டது போன்ற வலியைக் கொடுக்கும். உறையைத் தைத்திருந்தால் சுமார் மூன்று வாரம் காலைப் பின்னால் நீட்டுவதும் வெளிப்பக்கம் திருப்புவதும் வேண்டாம். ஓரிடத்தில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிளைப் பாரமில்லாமல் மிதிப்பது ஆரம்பத்திலிருந்தே நல்லது. எந்தப் பயிற்சியும் வலியைப் பத்துக்கு மூன்றுக்கு மேல் ஏற்றினாலோ, மறுநாள் காலை வரை நீடித்தாலோ அளவைப் பாதியாக்குங்கள். தண்ணீருக்குள் நடப்பது அருமையான பயிற்சி. நீச்சல்குளம் தேட வேண்டாம். துளைகள் நன்றாக ஆறி, மருத்துவரும் அனுமதித்த பின், வடகடல் (பாக் விரிகுடா) அமைதியாகக் கிடக்கும் காலத்தில் நெஞ்சளவுத் தண்ணீரில் ஒருவர் துணையோடு நடக்கலாம். தென்கடல் (மன்னார் வளைகுடா) அலையில் வேண்டாம், தவளைக் காலடி நீச்சலும் வேண்டாம்.

அறுவைக்காக மதுரைக்குப் போய்வருவதென்றால், பயணத்தில் முன் இருக்கையைச் சாய்த்து, இடுப்பு முழங்காலைவிட உயரமாக இருக்கும்படி திண்டு வையுங்கள். ராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை என்று நிறுத்தி நிறுத்தி இரண்டு நிமிடம் நிற்க வையுங்கள். காய்ச்சல், துளையில் கசிவு, கெண்டைக்கால் வீக்கம், திடீரென்று கால் ஊன்ற முடியாமல் போவது ஆகிய நான்குக்கும் மறுபரிசோதனை நாள் வரை காத்திருக்கக் கூடாது. அன்றே மாவட்ட அரசு மருத்துவமனைக்காவது போய்விட வேண்டும்.

கபடி பற்றி அவளுக்கே நேராகச் சொல்லிவிடுவது நல்லது. ரைடருக்கு ஆழமாகக் குனிந்து, ஒற்றைக்காலில் சுழன்று, பிடிபட்ட காலை உதறி இழுக்க வேண்டும். இந்த மூட்டுக்கு இதைவிடக் கடுமையான வேலை குறைவு. எல்லாம் நன்றாகப் போனாலும் ஓட்டம் மூன்று நான்கு மாதத்துக்குப் பிறகு, களம் ஆறு மாதத்துக்கு முன் இல்லை, பலருக்கு ஒன்பது. நாளைக் கணக்கை மட்டும் பார்க்காமல், ஒற்றைக்காலில் தாவும் தூரம் நல்ல காலின் 90 சதவீதத்தை எட்டியதா, ஒற்றைக்கால் அரைக்குந்தலில் இடுப்பு சாயாமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். வலியில்லாமல் பள்ளிக்குப் போய்வருவதை அடையும் வாய்ப்பு நல்லது. பழைய வேகத்தில் ரைடு போவதை யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. அதைக் கேட்டபின் அவள் எதை விரும்புகிறாள் என்பதும் முடிவில் சேர வேண்டும், மூட்டு அவளுடையது.

நான் அவளை நேரில் பரிசோதிக்கவில்லை, படங்களையும் பார்க்கவில்லை. அதனால் ‘செய்யுங்கள்’, ‘வேண்டாம்’ இரண்டையும் இங்கிருந்து சொல்ல மாட்டேன். இப்போதைக்கு ஆபரேஷன் நோட், நேர் எக்ஸ்ரேயோடு டன் கோண எக்ஸ்ரே, முறுக்கம் அளக்கும் ஸ்கேன், இரத்தப் பரிசோதனை, ஊசிச் சோதனை என்ற வரிசையில் போங்கள். கிடைக்கும் கோணங்களை எண்ணாக எழுதி அனுப்பினால், எந்தக் கேள்வியை அடுத்த மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டும் என்று சொல்ல முடியும். பெயரும் மருத்துவமனை எண்ணும் தெரியும் பகுதியை மறைத்துவிட்டு அனுப்புங்கள்.